தொட்டியைத் தரைக்கு இறக்கினார்கள்

மார்ச் 4

கட்டுப் பிரித்த பிறகு இன்றுதான் வேலைக்குப் போனேன். இடது மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை. பரவாயில்லை, வால்வு திருப்ப வலது கை போதும். பாய்லர் அறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வெந்நீர்த் தொட்டியைக் காணோம்.

காணோம் என்றால் தொலைந்துபோகவில்லை. தரையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஆள் உயர இரும்புத் தாங்கியின் மேல் இருந்த தொட்டி! ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துத் தாங்கியை அறுத்து எடுத்துவிட்டார்களாம். ஏணியும் போய்விட்டது. தொட்டிக்குப் பச்சைப் பெயிண்ட் வேறு.

அக்காவிடம் போய்க் கேட்டேன். இந்தச் சலவை ஆலைக்கு அவள்தான் முதலாளி. எனக்கும் பிறந்ததிலிருந்து அவள்தான் முதலாளி. "மேல தொங்கிட்டு இருந்தா அசிங்கமா இருக்குடி. ஆஸ்பத்திரிக்காரங்க சுத்திப் பாக்க வர்றாங்க" என்றாள். எந்த ஆஸ்பத்திரிக்காரர் பாய்லர் அறைக்குள் எட்டிப் பார்த்தார்? அவர்களுக்கு வேண்டியது கறை போன வெள்ளைப் படுக்கை விரிப்பு.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கையில்தானே கட்டுப் போட்டிருந்தது, காதில் இல்லையே.

மார்ச் 5

நினைத்தது நடந்தது. நேற்று தொட்டியில் புதிதாகப் பிடித்த தண்ணீர், சாயங்காலம் வரை நன்றாகச் சூடாகவே இல்லை, அதனால் தப்பித்தோம். இன்று நடுப்பகலில் பம்ப் கத்த ஆரம்பித்தது. உள்ளே யாரோ ஒரு சட்டி ஜல்லியைக் கொட்டிக் கிளறுகிற சத்தம். இஸ்திரி மேசைப் பெண்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அத்தான் வந்தார். பம்பின் மேல் காது வைத்துக் கேட்டார். எதற்கென்று தெரியாது. "கல்லு போயிருச்சும்மா" என்றார்.

கல் போகவில்லை அத்தான். தண்ணீர் கொதிக்கிறது. பம்பின் வாயில். "அது ஏற்கெனவே வெந்நீர்தானே, கொதிச்சா என்ன?" என்றார். நான் மறுபடி வால்வைப் பார்க்கப் போய்விட்டேன்.

மார்ச் 7

பம்ப் மெக்கானிக் வந்தார். எப்போது? காலையில், ஆலை திறந்தவுடன். ராத்திரி முழுக்க ஆறிய தொட்டி. பம்ப் பூனை மாதிரி ஓடுகிறது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை!

"இதுல ஒண்ணுமே இல்லீங்களே. உங்களுக்குக் கை மட்டுந்தான் அடிபட்டுச்சா?" என்றார். மத்தியானம் வாருங்கள் என்றேன். மத்தியானம் அவர் தூங்குவாராம்.

அக்கா அவர் எதிரிலேயே சொன்னாள்: "நீ இல்லாத நாள்ல ஒரு சத்தமும் இல்ல. நீ வந்ததுந்தான் ஆரம்பிச்சுது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்." தொட்டி இறங்கியதும் நான் வந்ததும் ஒரே சமயம் என்பது இவளுக்கு எட்டவே எட்டாதா?

அதோடு விடவில்லை. மாடி ஆபீசில் எனக்கு ஒரு மேசை போட்டிருக்கிறாளாம், ஜன்னல் ஓரமாக. ஒன்றாம் தேதியிலிருந்து பாய்லருக்குப் புது ஆள் வருகிறாராம். "நீ மேல உக்காந்து டெலிவரி பாரு. காத்து வரும்" என்றாள்.

எனக்குக் காற்று வேண்டாம். எனக்கு என் பாய்லர் வேண்டும். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கினேன். பொம்பளைக்கு எதற்கு இது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாங்கினேன். எனக்குத் தெரிந்த ஒரு வேலை, பிடித்த ஒரே வேலை. அதைப் பிடுங்கிக்கொண்டு காற்று தருகிறாளாம்.

மார்ச் 8

மத்தியானம் ஜல்லி. சாயங்காலம் ஜல்லி. தலைவலி.

மார்ச் 11

தொட்டியைக் காலி செய்து கழுவச் சொன்னாள் அக்கா. மண் இருக்கும் என்கிறாள். மூன்று பேர் அரை நாள் கழுவினார்கள். ஒரு துணி பட்டன் கிடைத்தது. அது எப்படி அங்கே போனது என்பது வேறு கதை. மண் இல்லை, கல் இல்லை. "பாரு, பட்டன்!" என்று அத்தான் அதை வெற்றிக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினார்.

புதுத் தண்ணீர் பிடித்தார்கள். புதுத் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர். அதனால் இன்று சத்தம் இல்லை. அதனால் பட்டன்தான் காரணம் என்று முடிவாகிவிட்டது. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மார்ச் 12

மறுபடி ஜல்லி. பட்டனைப் பற்றி யாரும் பேசவில்லை.

இவர்களுக்குச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். குறுக்கே பேச இங்கே ஆளில்லை.

தண்ணீர் ஏன் கொதிக்கிறது? சூடு பட்டால் கொதிக்கும் என்பார்கள். பாதி உண்மை. சூடான தண்ணீரில் இருக்கும் துகள்கள் ஆவியாகப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கின்றன. மேல்பரப்பில் இருப்பவை சுலபமாக ஓடிவிடுகின்றன. ஈரத்துணி காய்வது அப்படித்தான், அதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. ஆனால் கொதிப்பது என்றால் தண்ணீருக்கு நடுவிலேயே ஆவி ஒரு குமிழாக நிற்க வேண்டும். நிற்க விடாமல் மேலேயிருந்து காற்று அழுத்துகிறது. குமிழ் மேல் இருக்கும் தண்ணீரின் எடையும் அழுத்துகிறது. உள்ளேயிருந்து ஆவி தள்ளுவது, வெளியே இருந்து இவை அழுத்துவதற்கு ஈடாகாதவரை குமிழ் பிறந்தவுடன் நசுங்கிவிடும். ஈடானால் நிற்கும். அவ்வளவுதான் கொதிப்பது.

ஆக, கொதிக்க வைக்க வழி இரண்டு. சூட்டைக் கூட்டி உள்ளே தள்ளுவதைப் பலமாக்கலாம். அல்லது சூட்டைத் தொடாமல் வெளியே அழுத்துவதைக் குறைக்கலாம். மலை மேல் காற்று லேசு, அங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுகிறது. பருப்புத்தான் வேகாது.

நம் கதைக்கு வருவோம். பாய்லர் நீராவி இஸ்திரி உருளைகளுக்கும் உலர்த்திகளுக்கும் போய், சூட்டைக் கொடுத்துவிட்டு வெந்நீராகத் தொட்டிக்குத் திரும்பி வருகிறது. மத்தியானத்துக்குள் தொட்டித் தண்ணீர் கொதிநிலையின் வாசலில் நிற்கும். உள்ளே போக ஒரு காரணம் கிடைத்தால் போதும். அந்தக் காரணம் பம்ப். தொட்டித் தண்ணீரை மறுபடி பாய்லருக்குத் தள்ளுவதற்காக அது உறிஞ்சுகிறது. உறிஞ்சுகிற இடத்தில் அழுத்தம் குறைகிறது. உடனே தண்ணீர் அங்கேயே கொதிக்கிறது. அந்தக் குமிழ்கள் பம்பின் சக்கரத்துக்குள் போகின்றன. சக்கரத்தில் அழுத்தம் ஏறுகிறது, குமிழ்கள் படார் படார் என்று நசுங்குகின்றன. நசுங்கும் ஒவ்வொன்றும் இரும்பில் ஒரு குட்டிச் சுத்தியல் அடி. அதுதான் ஜல்லி.

தொட்டி உயரத்தில் இருந்தவரை இந்த வம்பு இல்லை. இரண்டு ஆள் உயரத் தண்ணீரின் எடை பம்பின் வாயை அழுத்திப் பிடித்திருந்தது. அழகாக இருக்கட்டும் என்று அந்த உயரத்தை அறுத்து எடுத்துவிட்டாள் என் அக்கா.

மார்ச் 14

இன்று செய்தே காட்டிவிட்டேன். பிரிக்காத ஊசிக்குழாய் ஒன்று வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, அதில் கொஞ்சம் வெந்நீர் உறிஞ்சினேன். கொதிக்காத வெந்நீர். குழாய் வாயை ரப்பர் மூடியால் அடைத்துப் பிடித்துக்கொண்டு தண்டை வெடுக்கென்று இழுத்தேன். உள்ளே தளதளவென்று கொதித்தது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. தண்டை விட்டால் அடங்கிவிடுகிறது.

அக்கா பார்த்திருக்க வேண்டும். சரியாக இழுக்கிற நேரத்தில் போன் வந்தது, திரும்பிக்கொண்டாள். "நீ காட்டு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்கிறாள். இது காதால் பார்க்கிற சமாச்சாரமா?

அத்தான் பார்த்தார். வாயைப் பிளந்தார். ஊசிக்குழாயை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ச் சாயங்காலம் வரை இஸ்திரி மேசை, மடிப்பு மேசை, வண்டிக்காரர் எல்லோருக்கும் காட்டினார். "மேஜிக்கு! என் கையால!" அதற்கும் பம்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு பெண் கேட்டாளாம். "ஒரு சம்பந்தமும் இல்ல" என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 18

புதுப் பம்ப் போட்டார்கள். காலையில் சத்தம் இல்லை. மெக்கானிக் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இன்றைக்கு இருந்து பாருங்கள் என்று டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். இரண்டாவது டீயில் ஜல்லி.

பழைய பம்பைப் பிரித்தோம். சக்கரத்தின் முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். செல்லரித்த மரம் மாதிரி இரும்பு அரித்திருக்கிறது. "மண்ணு அரிச்சிருக்கு" என்றார். கழுவிய தொட்டியிலிருந்து ஒரே ஒரு மணல் எடுத்துக் காட்டுங்கள், நான் நாளையிலிருந்து மாடியில் உட்காருகிறேன் என்றேன். மூன்றாவது டீ குடிக்காமல் போய்விட்டார்.

தண்ணீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஓட்டலாமா என்றும் யோசித்தேன். ஓடும். ஆனால் ஆறிய தண்ணீரை மறுபடி சூடாக்க எரிபொருள் தண்டம். அதையும் அக்காவிடம் சொன்னேன். "ஏதாவது ஒண்ண உருப்படியா சொல்லு" என்றாள்.

தொட்டியை மேலே ஏற்று. எத்தனை தடவை சொல்வது? "அது மட்டும் நடக்காது" என்றாள். ஏன் என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்காரர்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

மார்ச் 20

இன்று பம்ப் வாய் முழுக்க ஆவி அடைத்துவிட்டது. சுற்றுகிறது, தண்ணீரைத் தள்ளவில்லை. பாய்லரின் மட்டக் கண்ணாடியில் தண்ணீர் இறங்குகிறது, இறங்குகிறது. நான் ஓடிப் போய்ப் பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடுவதற்குள் பர்னர் தானாக அணைந்துவிட்டது. தண்ணீர் குறைந்தால் நெருப்பை அணைக்கும் காவல் கருவி வேலை செய்தது. வேலை செய்யாமல் போயிருந்தால்? தண்ணீர் இல்லாத பாய்லரில் நெருப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் நான் பக்கம் பக்கமாக எழுதியவள். இந்தச் சுவர் நிற்காது. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரி மேசைப் பெண்கள் நிற்கிறார்கள்.

ஆலை நின்றது. ஆபரேஷன் துணிகள் ஈரமாகக் கிடந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன்.

அக்கா வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. "இதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணாந்தேதி புது ஆள் வரட்டும். நீ இந்த ரூம்ல கால் வைக்காதே."

அப்போ நான்தான் காரணமா? என்னாலதான் பம்பு நின்னுச்சா? வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 22

அத்தான் ஒரு உண்மையை உளறினார். வண்டி வரக் காத்திருந்தோம். அக்கா ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறாள் என்று கேட்டேன். "நீ ஏணியிலேருந்து விழுந்த அன்னிக்கு முதல்ல ஓடி வந்தது அவதானேம்மா. தரையில கண்ணு மூடிக் கெடந்தே. போயிட்டேன்னே நெனச்சுட்டா. அந்த ஏணியப் பாத்தாலே அவளுக்கு ஒடம்பு ஒதறும். அதான் அறுத்துட்டா. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

ஆஸ்பத்திரிக்காரர்களும் இல்லை, அழகும் இல்லை.

நெகிழ வேண்டும் என்று தெரிகிறது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இதை நேராகச் சொன்னால் நாக்கு வெந்துவிடுமா? பயமா இருக்குடி, ஏறாதே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டு, தாங்கியை அறுத்து, பெயிண்ட் அடித்து, மேசை போட்டு, புது ஆள் பிடித்து, ஆலையையே நிறுத்தும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பாசமாம் பாசம்.

குளிக்கும்போது அழுதேன். எதற்கென்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 23

சண்டை. பெரிய சண்டை. மாடி ஆபீசில் ஆரம்பித்துப் படிக்கட்டில் நடந்து பாய்லர் அறையில் முடிந்தது. ஆலையே கேட்டது.

"நான் செத்துப் போகல, உயிரோடதான் இருக்கேன், பாரு!" என்றேன். அத்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நழுவிவிட்டார். தான் உளறியது தெரிந்துவிட்டதே.

"தொட்டி மேல ஏறாது. நான் இருக்கறவரைக்கும் ஏறாது" என்றாள்.

"ஏணி வேண்டாம், படிக்கட்டு வைக்கலாம்."

"ஏறாது."

"பம்புக்கு மேல உயரம் வேணும்க்கா, அத நான் என்ன செய்யட்டும்?"

"உயரம் உயரம் உயரம்! அவ்வளவு உயரம் வேணும்னா உன் பம்பக் கொண்டுபோய்ப் பாதாளத்துல வை!"

கத்திவிட்டு மூச்சு வாங்க நின்றாள். நானும் நின்றேன். பதிலுக்கு ஒரு நல்ல வசவு நாக்கு நுனி வரை வந்திருந்தது. அது அப்படியே நின்றுவிட்டது.

பாதாளத்தில்.

தண்ணீருக்கு என்ன தெரியும், தொட்டி ஏறியதா பம்ப் இறங்கியதா என்று? அதற்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உயரம். இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் பம்பை வைத்தால் அதன் வாயில் அதே எடை அழுத்தும். குமிழ் நிற்காது. நான் சான்றிதழ் வாங்கியவள். மூன்று வாரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு தடவை குனிந்து பார்க்கவில்லை.

"அக்கா, அதான்" என்றேன். "எதுடி?" என்றாள். "பாதாளம்" என்றேன். "நக்கலா பண்றே?" என்று போய்விட்டாள்.

மார்ச் 24

நக்கல் இல்லை என்று நம்ப வைக்க அரை நாள் ஆயிற்று. புரிந்தவுடன் அடுத்த கேள்வி: "குழிக்குள்ள யாரு இறங்குவா?" நான்தான் என்றேன். மறுபடி முகம் மாறியது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அவளுக்கு.

நிபந்தனைகள் போட்டாள். ஏணி கூடாது, அகலமான படி. இரண்டு பக்கமும் கைப்பிடி. விளக்கு. குழியில் தண்ணீர் தேங்கக்கூடாது. சுற்றிலும் கம்பித் தடுப்பு. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அவ்வளவும் நியாயம்தான், அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"அப்ப ஒண்ணாந்தேதி அந்த ஆள்?" என்று கேட்டேன். போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மணி அடிக்கவே இல்லை.

மார்ச் 27

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. முழங்கால் ஆழத்தில் பழைய வடிகால் குழாய். யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. திருப்பிவிட வேண்டும். அத்தான் குழி விளிம்பில் நின்று எல்லோருக்கும் யோசனை சொல்கிறார். ஒருவர் மேல் மண் சரித்தார்.

குழி முடியும்வரை தண்ணீரை ஆறவிட்டே ஓட்டுகிறோம். தண்டச் செலவு, ஆனால் ஜல்லி இல்லை. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறவிட்டால் சத்தம் இல்லை என்பதை நான் போன வாரமே சொன்னேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 1

புது ஆள் வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர். மீசை. கனத்த குரல். வந்தவுடன் குழியைப் பார்த்தார். "இது எதுக்குங்கம்மா, இங்க போய்க் குழி?" என்று அக்காவைக் கேட்டார்.

நான் தொட்டிக்குப் பின்னால் இருந்தேன். அவர்களுக்குத் தெரியாது.

"பம்பு வாயில தண்ணி கொதிக்குதுங்க" என்றாள் அக்கா. "சூடு அதிகமாகி இல்ல. அது உறிஞ்சுதில்ல, அப்போ அழுத்தம் கொறஞ்சு போயிடுது. கொறஞ்சா அங்கேயே குமிழ் வந்துடும். அது உள்ள போயி நசுங்கி நசுங்கி இரும்பையே தின்னுடும். மேலேருந்து தண்ணி வெயிட்டா அழுத்திட்டு இருந்தா கொதிக்காது. அதான் பம்ப கீழ இறக்கறோம்."

அவர் ஏதோ முனகினார். "கல்லா இருக்கும்ங்க" என்றார். "கல்லு இல்லீங்க" என்று அக்கா எரிந்து விழுந்தாள். "எத்தன தடவ சொல்றது?"

எத்தனை தடவை சொல்வதாம்! ஒரு தடவைகூடக் கேட்காத மாதிரி போனில் பேசிக்கொண்டு, கணக்குப் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எதையாவது எடுத்து எறியலாம் போலவும் இருந்தது.

வெளியே வந்தேன். என்னைப் பார்த்துத் துணுக்குற்றாள். பிறகு அவரிடம், "இவ என் தங்கச்சி. பகல்ல பாய்லர இவதான் பாத்துக்குவா. நீங்க கூட இருங்க. ஒருத்தர் தனியா இந்த ரூம்ல இருக்கக்கூடாது, அவ்ளோதான்" என்றாள். இதையும் என்னிடம் சொல்லவில்லை. அவரிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஏப்ரல் 4

மீசைக்காரர் நாள் முழுக்கப் பேசுகிறார். எதற்கும் நிறுத்துவதில்லை. ஜல்லியே தேவலை.

ஏப்ரல் 9

பம்பைக் குழிக்குள் இறக்கி, குழாய் பூட்டி, காலையில் ஓட்டினோம். காலையில் ஓடுவதில் என்ன இருக்கிறது? மெக்கானிக்கையும் மத்தியானம்தான் வரச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தோடு வந்தார்.

ஆறவிடாமல் விட்டேன். தொட்டி மேலே ஆவி எழும்ப ஆரம்பித்தது. எல்லோரும் குழியைச் சுற்றி நின்றோம். மீசைக்காரர்கூட வாயை மூடிக்கொண்டு நின்றார். சத்தம் இல்லை. மோட்டார் சுற்றுகிற சின்ன இரைச்சல், அவ்வளவுதான். கண்ணாடியில் தண்ணீர் மட்டம் அசையாமல் நின்றது. "இவ்ளோதானா?" என்றார் அத்தான். கொஞ்சம் ஏமாற்றம் அவருக்கு. மெக்கானிக், தான் போட்ட புதுப் பம்ப் நல்ல பம்ப் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் கலைந்த பிறகு அக்கா நின்றாள். மாடியில் போட்ட மேசையை அத்தானுக்குக் கொடுத்துவிட்டாளாம். அங்கே காற்று வருகிறதாம், அவர் தூங்குகிறாராம். தலையில் அடித்துக்கொண்டாள்.

பம்பைக் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்று தடுப்புக் கம்பியைத் திறந்தேன். என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் அவள் இறங்கினாள். மூட்டு வலிக்காரி. ஒவ்வொரு படியிலும் நின்று காலை ஓங்கி ஓங்கி மிதித்தாள். இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே நின்றேன்.

அடியில் போய் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"ம். இப்ப வா" என்றாள்.